சவுக்குக் கட்டைக்கு உன் அம்மா வைத்த விலை

சுண்ணாம்புக்குளம்
தை 12

அன்பு மகன் மதிவாணனுக்கும் மருமகள் பானுவுக்கும் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நல்ல சுகத்தில் இருக்கிறோம். அந்தப் பனி ஊரில் நீங்கள் இருவரும், பானுவின் வயிற்றில் வளரும் நம் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருத்தணி முருகனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பழவேற்காட்டு ஸ்டீபன் லீவு முடிந்து உங்கள் எட்மண்டனுக்கே திரும்புகிறான், நேற்று வந்து இரண்டு கிலோ வரைக்கும் எடுத்துப் போகிறேன் என்றான், உன் அம்மா முறுக்கும் பருப்புப் பொடியும் கட்டிக்கொண்டிருக்கிறாள், அந்த மூட்டைக்குள் அவளுக்குத் தெரியாமல் இந்தக் கடிதத்தையும் வைத்துவிடுவேன். என் முழங்கால் வலி மழைக்காலத்தில் கொஞ்சம் படுத்தியது, இப்போது பரவாயில்லை. பானுவுக்கு ஐந்தாம் மாதம், பனியில் வழுக்கும் என்கிறாய், அவளைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதே, நீ வேலை முடிந்து வந்தபிறகு கூடப் போ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா ஜெயித்துவிட்டாள் நைனா. போனில் நீ கேட்டபோதெல்லாம் மரம் வெட்டியாச்சு, நல்ல விலை போச்சு என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். நடந்தது இரண்டு வார்த்தையில் அடங்குகிற சங்கதி இல்லை. அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு ஏக்கர் மணல் நிலம் உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கு அவள் வீட்டில் சீராகக் கொடுத்தது. தண்ணீர் உப்பு தட்டிப்போய் நெல் வராது என்று ஆனபிறகு ஐந்து வருடத்துக்கு முன் அதில் சவுக்கு நட்டோம். நம்மைப் பார்த்து பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேரும் நட்டார்கள், எல்லாம் சேர்ந்து ஒன்பது ஏக்கர். உங்கள் ஊரில் வீட்டையே மரத்தால் கட்டுகிறார்கள், பலகை விலை ஏறினால் வீட்டு விலையும் ஏறுகிறது என்று நீ ஒருமுறை சொன்னாய். இங்கே வீடு செங்கல்லும் கான்கிரீட்டும்தான், ஆனால் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டால் அது இறுகுகிற வரைக்கும் கீழே இருந்து தாங்கிப் பிடிக்கிற முட்டு நம் சவுக்குக் கட்டைதான். பூச்சு வேலைக்குக் கட்டுகிற சாரமும் அதுதான். அதனால் வீடு கட்டுகிறவன் கை ஓடினால் சவுக்குக்காரன் கையும் ஓடும், அவன் நின்றால் இவனும் நிற்பான்.

ஆவணி கடைசியில் தேசப்பன் வந்தார். ஆரம்பாக்கம் பக்கம் பெரிய கட்டை டிப்போ வைத்திருக்கிறாரே, வருடா வருடம் இந்தச் சுற்றுவட்டாரத்துச் சவுக்கையெல்லாம் நின்ற மரமாக வாங்கி அவர் ஆட்களை வைத்தே வெட்டி எடுத்துப் போகிறவர். போன வருடம் மற்ற தோப்புக்காரர்களுக்கு டன்னுக்கு ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்தவர் இந்த வருடம் மூவாயிரத்து இருநூறு என்றார். ஏன் என்று கேட்டேன். "இன்னா நைனா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குற, எல்லா எடத்துலயும் முட்டுக்கு இரும்பு ஜாக்கி வந்துடுச்சி, கட்டையை எவன் தொடறான், பேப்பர் மில்லுலயும் ஸ்டாக்கு ரொம்பிக் கெடக்குது, நானே பழக்கத்துக்காகத்தான் கேக்குறேன்" என்றார். நான் நம்பினேன். பேப்பரில் படித்ததுபோல அவ்வளவு கணக்காகச் சொன்னார். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார், புரட்டாசி பிறந்ததும் மூன்றாம் முறை வந்தார். ஐப்பசியில் புயல் வந்து மரம் சாய்ந்தால் அடுப்புக்குக்கூட ஆகாது என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையும் போட்டார். அவர் வண்டி கிளம்பிப் போனபின் உன் அம்மா கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "கட்டையை எவனும் தொடலன்னா இவரு ஏங்க மூணு தபா வந்துகினு போறாரு?" என்றாள். வியாபாரம் உனக்கு என்ன தெரியும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

லட்சுமியம்மாளை நினைவிருக்கிறதா, பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து நமக்கு மீன் கொண்டுவருவாரே. இப்போது நம் ஊரில் விற்றுவிட்டு பஸ் ஏறி கும்மிடிப்பூண்டிக்கும் போகிறார். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி புதுசு புதுசாகத் தெரு வருகிறது, கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு மனை வாங்கி வீடு கட்டுகிறார்கள், வாடகைக்கு விடவும் கட்டுகிறார்கள், மேஸ்திரிகளே பாதி இறாலை வாங்கிவிடுகிறார்கள் என்று அவர்தான் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "நீ வந்து உன் கண்ணால பாரு யக்கா, நடந்து மாளாது" என்று கூப்பிட்டிருக்கிறார். உன் அம்மா மறுநாள் காலை எனக்கு நாஷ்டா எடுத்து மூடி வைத்துவிட்டு, பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு லட்சுமியம்மாளோடு பஸ் ஏறிவிட்டாள். வெயிலில் ஏழு தெரு நடந்திருக்கிறாள். ஒவ்வொரு வீடாகப் போய், மேல்தளத்துக்குக் கீழே குனிந்து, முட்டு மரமா இரும்பா என்று பார்த்திருக்கிறாள். முப்பத்து நாலு வீடு கட்டுமானத்தில் இருந்தது, அதில் இருபத்தாறுக்குச் சவுக்கு முட்டு, மூன்றுக்குத்தான் இரும்பு, மீதி ஐந்து வீடு சுவர் எழும்பி மேலே ஒன்றும் போடாமல் சும்மா நின்றது. அந்த ஐந்தும் ஏன் நிற்கிறது என்று கேட்டதுதான் உன் அம்மாவின் கெட்டிக்காரத்தனம்.

கேட்டது அன்புசெல்வனிடம். தளத்துக்கு முட்டு அடிக்கிற சென்ட்ரிங் கான்ட்ராக்ட் எடுக்கிற பையன்தான், நாற்பது வயதுக்குள் இருக்கும், பொதட்டூர்பேட்டைக்காரன். அவன் சொன்னதை அம்மா அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். "இரும்பு ஜாக்கி வாடகைக்கே கெடைக்கல மா, புதுசா கட்டுற ஃபேக்டரி ஷெட்டுங்களுக்கு மொத்தமா இட்டுகினு போயிட்டாங்க. கட்டை கேட்டா டிப்போவுல இல்லன்றாங்க, இருக்குற எடத்துல பன்னெண்டு அடி கட்டை ஒண்ணு நூத்தி எழுவதுன்றாங்க. ஊட்டுக்காரங்க என்னைத் திட்றாங்க, நான் யாரைத் திட்றது" என்றானாம். உன் அம்மா திரும்பி வருகிற பஸ்ஸில் விரல் விட்டுக் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு டன் மரத்தில் முட்டுக்கு ஆகிற கட்டை ஐம்பதுக்குக் குறையாது, நூற்று எழுபது விலையில் அது எட்டாயிரத்துக்கு மேல். நம்மிடம் எடையில் வாங்குகிற தேசப்பன் அங்கே எண்ணிக்கையில் விற்கிறார். அந்த ஒரு இடத்தில்தான் நம் ஐந்து வருடத்து உழைப்பு இன்னொருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் அவள் எனக்குச் சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை நைனா, எனக்கு வேர்த்துவிட்டது. ஏனென்றால் அன்று பகலில்தான் ஆரம்பாக்கத்தில் டீக்கடையில் தேசப்பனைப் பார்த்து, சரி, வெட்டிக்கொள்ளுங்கள் என்று வாய் வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருந்தேன். புயல் பயம் எனக்கு. முன்பு ஒரு வருடம் பக்கத்து ஊரில் ஒரு மொத்தத் தோப்பும் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும் தேசப்பனின் வேன் பத்து ஆட்களோடும் கோடாலியோடும் நம் நிலத்து வரப்பில் வந்து நின்றது. நான் போய்ச் சேருவதற்குள் உன் அம்மா போய்விட்டிருந்தாள். வேலிக்கு முன்னால் நின்றுகொண்டு யாரைக் கேட்டு வந்தீங்க என்றாள். "உங்க ஊட்டுக்காரரு சரின்னு சொல்லிட்டாரு மா" என்றார் தேசப்பன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். அப்புறம் அவள் அவரிடம், "அவரு சரின்னது அவரு மரத்துக்கு. இந்த நெலம் என் பேர்ல கீது, பட்டா எடுத்தாந்து காட்டட்டுமா? எனக்கு விக்க இஷ்டமில்ல, வண்டியைத் திருப்பிக்கங்க" என்றாள். குரல்கூட உயரவில்லை. தேசப்பன் சிரித்தார். "வெட்ட ஆள் எங்கிருந்து வரும் மா? இந்தப் பக்கம் கோடாலி புடிக்கிறவன் எல்லாம் என் ஆளுங்க. லாரியும் நான் சொன்னாத்தான் வரும். கார்த்திகையில நீங்களே எனக்குப் போன் பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். நான்தான் கடைசியில், தப்பு பண்ணிட்டேன் சம்பூர்ணம் என்றேன். "பண்ணிட்டீங்க. இப்போ சைக்கிளை எடுத்துகினு போயி அந்த நாலு பேரையும் இட்டுகினு வாங்க" என்றாள். முப்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் சொல்லி நான் இவ்வளவு வேகமாக சைக்கிள் மிதித்தது அன்றைக்குத்தான். நாலு பேரும் வந்தார்கள், தயங்கினார்கள், ஆள் இல்லையே, லாரி இல்லையே என்று தேசப்பன் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். உன் அம்மா அன்புசெல்வனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நல்ல கட்டையாக ஒரே சைஸில் தரம் பிரித்துக் கொடுத்தால் நூற்றுப் பத்துக்கு எத்தனை எடுப்பாய் என்று கேட்டாள். "எனக்கு ஆயிரம் வேணும் மா, என் கூட்டாளிங்க அஞ்சாறு பேரு கீறாங்க, லாரி நாங்க எடுத்துகினு வர்றோம்" என்றான். அதைக் கேட்டபிறகு நாலு பேரும் எழுந்து போகவில்லை, காப்பி கேட்டார்கள்.

ஆள் பிரச்சினையைத் தீர்த்தது லட்சுமியம்மாள். ஐப்பசி கடைசியில் கடலில் காற்று எழும்பி, படகு எடுக்கக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள், குப்பத்து ஆண்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தார்கள். அதில் இருபத்திரண்டு பேரை அவர் அழைத்து வந்தார். கோடாலி பழக்கம் இல்லை என்று நான் முணுமுணுத்தேன், முதல் நாள் கொஞ்சம் தடுமாறத்தான் செய்தார்கள், இரண்டாம் நாளிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. கடலில் கயிறு இழுக்கிற கை அது. வெட்டுகிறவர்கள் வெட்ட, பட்டை உரிக்கிறவர்கள் உரிக்க, உன் அம்மா தன் கையிலிருந்த வளையல் ஒன்றைக் கழற்றி ஒரு குச்சியில் கட்டி வைத்துக்கொண்டாள். கட்டையின் நுனி அந்த வளையலுக்குள் நுழைந்தால் சாரத்துக்கு, நுழையாவிட்டால் முட்டுக்கு, கோணலும் சிறுசும் பேப்பர் மில்லுக்கு. படிக்காதவர்களுக்கும் புரிகிற அளவு. அடுத்தடுத்த நிலத்துக்காரர்களும் ஆளுக்கு ஒரு வளையல் அதே சைஸில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், தோப்பெல்லாம் வளையல் சத்தம்.

ஏழு ஏக்கர் முடிந்திருந்தபோது காற்றழுத்தத் தாழ்வு வந்தது. புயலாகிப் பெயர் வைக்கிற அளவுக்கு வளரவில்லை, ஆனாலும் ஒன்றரை நாள் விடாமல் அடித்தது. நம் இரண்டு ஏக்கர்தான் இன்னும் நின்றது, ஏனென்றால் உன் அம்மா மற்றவர்கள் மரத்தை முதலில் வெட்டச் சொல்லிவிட்டு நம்முடையதைக் கடைசியில் வைத்துவிட்டாள். நம்மை நம்பி வந்தவர்களுக்கு நஷ்டம் வரக்கூடாது என்றாள். மழை விட்டதும் ஓடினோம். முக்கால் ஏக்கர் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று கிடந்தது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா சேற்றில் இறங்கிப் போய் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தாள், இன்னொன்றைப் பார்த்தாள், பத்துப் பதினைந்தைப் பார்த்தாள். வேரோடு சாய்ந்ததே தவிர முறிந்தது கொஞ்சம்தான். "எழுந்திருங்க, காத்து நமக்கு வெட்டுக்கூலி மிச்சம் பண்ணிக் குடுத்துகீது" என்றாள். குப்பத்து ஆட்கள் சிரித்த சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அந்த மழையில் நெல்லூர் பக்கமிருந்து கட்டை ஏற்றி வருகிற லாரிகள் பத்துப் பன்னிரண்டு நாள் வரவில்லை, அங்கே ரோட்டில் தண்ணீர். டிப்போக்கள் காலி. நனையாமல் மேட்டில் அடுக்கி வைத்திருந்த கட்டை இந்தப் பக்கத்திலேயே நம்மிடம் மட்டும்தான் இருந்தது. அன்புசெல்வன் வந்தான், அவன் சொன்ன ஐந்தாறு பேர் வந்தார்கள், அவர்கள் சொல்லாத பத்துப் பேரும் வந்தார்கள். பள்ளிப்பட்டிலிருந்துகூட ஒருவர் வந்தார் நைனா, எங்கே பள்ளிப்பட்டு எங்கே நாம்! ஒரு கட்டைக்கு நூற்று எண்பது தருகிறேன் என்று ஒரு கான்ட்ராக்டர் கையில் ரொக்கப் பணத்தோடு நின்றார். என் நாக்கு சும்மா இருக்கவில்லை, கொடுத்துவிடலாம் சம்பூர்ணம் என்றேன். நூற்றுப் பத்து என்று வாய் கொடுத்தவர்களுக்கெல்லாம் நூற்றுப் பத்துதான் என்றாள், புதிதாக வந்தவர்களுக்கு நூற்று முப்பது, அதற்குமேல் ஒரு ரூபாய் வேண்டாம் என்றாள். "இப்போ புடுங்கினா அடுத்த வருஷம் இவங்க இரும்புக்குப் போயிடுவாங்க. ஊடு கட்டுறது இந்த ஒரு மாசத்தோட முடிஞ்சிடுமா?" என்றாள். மற்ற நாலு குடும்பமும் முதலில் முகம் சுளித்தது, நானும்தான். ஆனால் அந்த வார்த்தையால்தான் அடுத்த இரண்டு வருடத்துக்கும் சுற்றுவட்டாரத்து மற்ற தோப்புக் கட்டையையும் உங்கள் மூலமாகத்தான் எடுப்போம் என்று ஏழு பேர் உறுதி சொல்லிப் போயிருக்கிறார்கள். செலவெல்லாம் போக நம் கைக்கு நின்றது தேசப்பன் சொன்ன விலையைப்போல ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. குப்பத்து ஆட்களுக்கு வழக்கமான கூலிக்குமேல் ஆளுக்கு ஒரு வேட்டியும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சேலையும் எடுத்துக் கொடுத்தோம், லட்சுமியம்மாளுக்குப் பட்டுச் சேலை, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நிறத்தை மாற்றிக் கேட்டார்.

மார்கழியில் ஒருநாள் தேசப்பனே வந்தார். டிப்போவுக்கு ஆயிரம் கட்டை வேண்டும் என்று. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி. சண்டை போடுவாள், பழசைச் சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்து நான் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றேன். அவள் டீ கொடுத்தாள், நூற்று முப்பது என்றாள். அவர் பேரம் பேசிப் பார்த்தார். "எல்லாருக்கும் இன்னா வெலயோ அதான் உங்களுக்கும், ஏத்தவும் இல்ல எறக்கவும் இல்ல" என்றாள். அவர் வளையலை வாங்கி நாலு கட்டையில் விட்டுப் பார்த்துவிட்டு, "தரம் நல்லா கீது மா" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார். உன் அம்மா பூ வைத்துக்கொண்டு பட்டுடுத்தி நடந்ததைப் பார்த்திருக்கிறேன், உன் கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு மரத்தூள் ஒட்டிய பழைய புடவையில் அந்த லாரிக்குப் பின்னால் கணக்கு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாளே, அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை.

பொங்கல் நல்லபடி முடிந்தது. காலி நிலத்தில் மறுபடி கன்று வைக்க ஆள் பேசியாகிவிட்டது, இந்தத் தடவை ஐந்தில் ஒரு பங்காக வருடா வருடம் நடப்போகிறோம், அப்போதுதான் ஒவ்வொரு வருடமும் கட்டை கையில் இருக்கும், விலை விழுந்தாலும் மொத்தமாக மாட்டமாட்டோம் என்பது அவள் கணக்கு. போன செவ்வாய்க்கிழமை அன்புசெல்வன் எங்களைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூப்பிட்டான். சும்மா நின்றது என்று சொன்னேனே, அந்த ஐந்து வீட்டில் ஒன்று, டயர் கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிற சாராள் என்ற பெண்ணுடையது. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். வீடு நின்று போனதால் வாடகை வீட்டையும் காலி செய்ய முடியாமல் தவித்திருக்கிறாள். நம் கட்டை போய்த்தான் தளம் போட்டார்கள், அன்றைக்கு முட்டு பிரிக்கிற நாள். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கழற்றினார்கள். கடைசி வரிசைக்கு வந்தபோது எல்லோரும் இரண்டடி பின்னால் நகர்ந்தோம். கடைசிக் கட்டை சரிந்து கீழே விழுந்தது, தளம் அப்படியே இருந்தது, ஒரு விரிசல் இல்லை. சாராள் உன் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், அந்த வெறும் அறையின் நடுவில் நிறுத்தி, "உங்களைத்தான் மா முதல்ல நிக்க வெச்சி பாக்கணும்னு நெனச்சேன்" என்றாள். உன் அம்மா தலைக்குமேல் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் புது அறைக்குள் ஓடி ஓடி எதிரொலி கேட்கிறதா என்று கத்திப் பார்த்தார்கள்.

பானு உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், நேரத்துக்குச் சாப்பிடட்டும், நீ காரைப் பனியில் மெதுவாக ஓட்டு. எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு, எல்லாம் நல்லபடி நடக்கும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இந்தக் கடிதம் கிடைத்ததாக அவளிடம் சொல்லாதே, ஒன்றும் தெரியாதவன்போல, கட்டை விலை இப்போ இன்னாம்மா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா சம்பூர்ணத்திடம் கட்டை எண்ணும் வேலையில் சேர்ந்திருக்கும்
உன் அப்பா,
அருணகிரி